வரும் திங்கள்

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓசூர் பஜாரில் கங்கப்பன் ஸ்டூடியோ எங்கே என்று கேட்டுப் பாருங்கள், "அந்தச் சிடுமூஞ்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். போட்டோவுக்கு உட்கார்ந்தவன் கண்ணைச் சிமிட்டினால் கத்துவேன். கல்யாணப் பெண் குனிந்தால் அவள் மாமியாரையும் சேர்த்துத் திட்டுவேன். ஆனாலும் என்னிடம்தான் வருவார்கள். அன்றைக்கு ஓசூரில் வேறு ஸ்டூடியோ கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு நாலு பாஷை தெரியும். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கடையில் தமிழ், போட்டோ பிளேட் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் அளவுக்கு இங்கிலீஷ். தமிழ் எழுத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மருந்துக்கடை போர்டையும் பத்திரிகையையும் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். அதனால் சுத்துப்பட்டு ஜனங்கள் தபால் கார்டு வந்தால் என்னிடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் வாய்விட்டுப் படிக்க மாட்டேன். மனசுக்குள் படித்து, விஷயம் என்னவோ அதைச் சொல்வேன். எழுத்தைப் பார்த்து ஒப்பிப்பதற்கு நான் என்ன ரெண்டாம் கிளாஸ் பையனா?

ஐம்பத்து நாலாம் வருஷம் ஆவணியில் பேரிகை கிராமத்திலிருந்து பூவம்மாள் ஒரு கார்டைக் கொண்டுவந்தாள். கூலி வேலை செய்கிறவள். புருஷன் போய்ப் பல வருஷம். ஒரே மகன் முனிவேல், மைசூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் ரோட்டில் கல் போடுகிற கூட்டத்தோடு போயிருந்தான். கார்டை எழுதியவர் அந்தக் கூட்டத்து மேஸ்திரி மதுரைவீரன். பையனுக்குக் காய்ச்சல் வந்தது, நாலே நாளில் போய்விட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்.

அதைச் சொல்லும்போது நான் கத்தவில்லை. அந்த மட்டில் எனக்கு மனுஷத்தனம் உண்டு. அவள் கடை வாசலில் மடிந்து உட்கார்ந்தாள். என் பெண்டாட்டி வெங்கடம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துப் பூவம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க சாமி வச்சிருக்காங்க?"

"பந்திப்பூர் காட்டுல. ரோட்டோரமா."

சொல்லும்போதே எனக்குள் ஏதோ துள்ளியது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மகன் செத்த சேதியைச் சொன்ன அதே வாய், பந்திப்பூர் என்ற பேரைச் சொன்னதும் ஊறியது.

ஏன் என்று கேட்டால், பதினைந்து வருஷமாக நான் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரே அருவிதான் விழுகிறது. துணியில் வரைந்த அருவி. புது மாப்பிள்ளைக்கும் அதுதான், நாற்காலியில் சாய்த்து வைத்த பிணத்துக்கும் அதுதான். பெங்களூரில் ஒரு படக் கண்காட்சிக்குப் போயிருந்தபோது பந்திப்பூர் காட்டுப் படம் ஒன்றைப் பார்த்தேன். பனிக்குள் மூங்கில், அதற்குப் பின்னால் மலை, ஆள் யாருமே இல்லை. யாரோ வெள்ளைக்காரன் எடுத்தது. மைசூர் மகாராஜா வேட்டையாடிய காடு அது. இப்போது மிருகங்களைச் சுடக்கூடாது என்று காபந்து பண்ணி வைத்திருக்கிறார்கள், பார்ப்பதற்குச் சீமையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஓசூரில் இருக்கிற நான் போனதில்லை. அன்றிலிருந்து அந்தக் கண்காட்சிச் சுவரில் என் படம் ஒன்று தொங்கவேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டது.

கருமாதி முடிந்து பூவம்மாள் மறுபடி வந்தாள்.

"சாமி, எம்மவன் மூஞ்சி ஒரு படத்துலகூட இல்லீங்க. ஒரு தடவகூட எடுக்கல. இருக்கான், எப்ப வேணா எடுத்துக்கலாம்னு இருந்துட்டேன்."

"அதுக்கு இப்ப நான் என்னம்மா பண்றது?"

"அவன் படுத்திருக்கிற எடத்தைப் படம் புடிச்சுத் தருவீங்களா? என்னையும் கூட்டிட்டுப் போங்க. ஒரு சொம்பு பாலு ஊத்திட்டு வந்துர்றேன். அப்பறம் அந்தப் படத்தை வச்சுக்கிட்டு வருசா வருசம் வீட்டுலயே ஊத்திக்குவேன். மறுக்கா அவ்ளோ தூரம் நான் எங்க போவப்போறேன்?"

அவளுக்கு வழி தெரியாது, பாஷை தெரியாது, பேரிகை சந்தையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. நான் அழைத்துக்கொண்டு போனால்தான் உண்டு. பெரிய மனது பண்ணுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சரி என்றேன். மேஸ்திரிக்குத் தமிழிலேயே கார்டு எழுதிப் போட்டேன்.

தீபாவளி கழிந்த வெள்ளிக்கிழமை பேரிகைக்குப் பதில் வந்தது, பூவம்மாள் அன்றைக்கே என்னிடம் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

'அம்மையாருக்கு வணக்கம். முனிவேலை வைத்த இடம் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். கூட இருந்தவன் ஊருக்குப் போய்விட்டான். வரும் திங்கள் வந்து சேரவும். பந்திப்பூர் பங்களா அருகில் சாலையில் இருப்பேன். இடத்தைக் காட்டுகிறேன். அதன் பின் இங்கே எங்கள் வேலை முடிகிறது. மதுரைவீரன்.'

படிக்கிற உங்களுக்கு 'வரும் திங்கள்' என்றால் திங்கட்கிழமை என்று பளிச்சென்று புரிந்திருக்கும். எனக்குப் புரிந்தது வேறு. எங்கள் வீட்டில் அதே மாதிரி 'பரோ திங்களு' என்போம், வருகிற மாதம் என்று அர்த்தம். மாதத்துக்குக் கன்னடத்தில் திங்களு என்றுதான் பேர். அந்தக் கிழமையைச் சோமவாரம் என்போம். ஓசூரில் தமிழ் பேசுகிறவர்களில் பாதிப் பேர்கூடச் சோமவாரம் என்றுதான் சொல்வார்கள். போதாக்குறைக்கு நான் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் அட்டையில் 'திங்கள் இதழ்' என்று போட்டிருக்கும், அது மாதம் ஒரு தடவைதான் வரும். எனக்குச் சந்தேகம் என்ற ஒன்று வரவே இல்லை. மேஸ்திரி தெற்கத்தி ஆள், வாத்தியார் மாதிரி எழுதுகிறார் என்று மெச்சிக்கொண்டேன்.

"அடுத்த மாசம் வரச் சொல்றாரு. எடத்தைக் காட்டுறாராம்" என்றேன்.

பூவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "அப்படியே படிச்சுக் காட்டுங்களேன் சாமி. அவரு வாய்ச்சொல்லாக் கேட்டுக்கறேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஏன், நான் சொன்னா நம்பிக்கை இல்லையா? இதுல இல்லாததை நான் கட்டி விடறேனா? நாலு பாஷை படிச்சவனுக்கு நீ பரீட்சை வைக்கிறியா?"

"ஐயோ, அப்படி இல்லீங்க சாமி" என்று அவள் ஒடுங்கிப்போனாள். கார்டை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாய்விட்டு ஒரு தடவை படித்திருந்தால் போதும். வரும் திங்கள் என்று என் வாயிலிருந்து வந்திருந்தால் அவள் காதில் அது நேராகத் திங்கக்கிழமை என்று போய் விழுந்திருக்கும். அவளுக்கு எழுத்துத் தெரியாது, தமிழ் தெரியும்.

அவள் விடவில்லை. "அடுத்த மாசம்னா கார்த்திகையா?"

"இங்கிலீஷ் மாசம். நவம்பர்."

"அது எப்பப் பொறக்குது?"

காலண்டரைப் பார்த்தேன். "சோமவாரம் ஒண்ணாம் தேதி."

"அப்ப சோமவாரமே போயிரலாமுங்களா?" அவள் முகம் மலர்ந்தது. "நாயித்துக்கெழம பஸ் ஏறுனா போயிச் சேந்துரலாம்ல?"

பாருங்கள், சரியான நாள் அவ்வளவு பக்கத்தில் வந்தது. என் மடத்தனத்தையும் மீறி, அதுவாக வந்து வாசலில் நின்றது. நான் விரட்டினேன்.

"மாசம் பொறந்ததும் ஓடணும்னு என்ன அவசரம்? மேஸ்திரி மாசம் பூரா அங்கதான் இருக்கப்போறாரு. காட்டுல போட்டோ புடிக்கிறதுன்னா சந்தைக்குப் போயி மொளகா வாங்குறதா? பிளேட் வரணும், பங்களாவுக்குப் பர்மிஷன் வரணும், மழை விட்டுப் பனி இறங்கணும். பதினேழாம் தேதி விடிகாலை வந்துரு. போ."

"உங்களுக்குத் தெரியாததா சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் இரண்டரை வாரம் நான் தரையில் நடக்கவில்லை. மைசூர் காட்டிலாகா ஆபீசுக்குக் கன்னடத்தில் மனுப் போட்டேன், பங்களாவில் மூன்று நாள் தங்க அனுமதி கேட்டு. மனுவில் என்னை 'இயற்கைக் காட்சிப் படக் கலைஞர்' என்று எழுதிக்கொண்டேன். அதைப் படித்துக் காட்டியதும் வெங்கடம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அருவித் துணி பசை விட்டுத் தொங்குது, இவரு கலைஞராம்! என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா அந்த மூணு கால் ஸ்டாண்டைக் கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க."

"அது பதில் பேசாது" என்றேன்.

மனுவுக்கு நல்ல பதில் வந்தது. பெங்களூருக்குப் போய்க் படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். சீமைச் சரக்கு வருவதே குறைந்துபோயிருந்த சமயம். ஒரே ஒரு பெட்டி கிடைத்தது, பன்னிரண்டு பிளேட். என் கேமராவில் பிளேட் மாட்டுகிற சட்டம் ஆறு, சட்டத்துக்கு இரண்டு பிளேட், சரியாகப் பொருந்தியது. பன்னிரண்டு பிளேட் என்றால் பன்னிரண்டு படம், பதின்மூன்றாவது கிடையாது. ராத்திரி சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தால், தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். மூங்கிலுக்குப் பனியோடு இரண்டு. யானை தண்ணீருக்கு வருகிற இடம் மூன்று. கோபாலசாமி மலை, சூரியன் எழும்போது இரண்டு. சாயங்காலம் ரோடு வளைகிற இடம் இரண்டு. மான் கூட்டம் நின்றால் இரண்டு.

"அந்தப் பொம்பளைக்கு?" என்றாள் வெங்கடம்மா.

எண்ணிப் பார்த்தேன். பதினொன்று எனக்கு. "ஒண்ணு இருக்குல்ல" என்றேன்.

"ஒண்ணு ஆடிப்போச்சுன்னா?"

"மண்ணு ஆடாது" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்ட மாதிரி எனக்கே சந்தோஷம். வெங்கடம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினேழாம் தேதி வந்தது. பெங்களூர் போய்த்தான் மைசூர் பஸ் மாறவேண்டும். பெங்களூர் பஸ் ஆறரை மணிக்கு. ஸ்டூடியோவுக்கு எதிரிலேயே நிற்கும். கேமராப் பெட்டி, ஸ்டாண்டு, கறுப்புத் துணி, கம்பளி எல்லாம் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். ஆறு மணிக்கெல்லாம் பூவம்மாள் வந்து நின்றாள். பேரிகையிலிருந்து முந்தின நாளே கிளம்பி, தெரிந்தவர்கள் வீட்டில் படுத்து எழுந்து வந்திருக்கிறாள். வெளுத்த புடவை, கையில் தேய்த்த பித்தளைச் சொம்பு, மடியில் வறுத்த மொச்சை. முனிவேல் மொச்சை என்றால் உயிரை விடுவானாம்.

"பாலு அங்க கெடைக்குமுங்களா சாமி?"

"காட்டிலாகாக்காரங்க மாடு வச்சிருப்பாங்க. கெடைக்கும்."

"இதுவும் வந்துச்சுங்க" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கார்டை எடுத்தாள். "பத்து நாளா மணியக்காரர் வீட்டு எறவாணத்துல சொருகி வச்சிருந்தாங்களாம். நேத்து கெளம்பும்போதுதான் கூப்பிட்டுக் குடுத்தாங்க. என்னைக்கு வரீங்கன்னு கேட்டு எழுதியிருப்பாரு பாவம்."

அதே கையெழுத்து. வழக்கம்போல மனசுக்குள் படித்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மறுபடி படித்தேன். சட்டைப் பையிலிருந்து பழைய கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கார்டையும் நான் மாற்றி மாற்றிப் பார்ப்பதை வெங்கடம்மா கவனித்துவிட்டாள்.

"ஏனாயித்து, என்ன ஆச்சு?" என்றாள்.

 உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் என் புத்தி எங்கே போனது தெரியுமா? இவளுக்குத்தான் எழுத்துத் தெரியாதே என்று போனது. ஒன்றுமில்லை, சீக்கிரம் வாருங்கள் என்று எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். அங்கே போய் ஏதாவது ஒரு மரத்தடியைக் காட்டிவிடலாம். மண் எல்லா இடத்திலும் ஒன்றுதானே, யாருக்குத் தெரியப்போகிறது? சத்தியமாக நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"நீங்க சொல்ல வேணாம் சாமி" என்றாள் பூவம்மாள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவ அப்படியே படிங்க. எழுத்து எப்படி இருக்கோ அப்படியே."

வாய்விட்டுப் படித்தேன்.

'அம்மையாருக்கு. திங்கள் அன்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை பங்களா அருகில் சாலையிலேயே இருந்தேன். மூன்று பஸ் நின்றது. நீங்கள் இறங்கவில்லை. நாளைக் காலை எங்களை லாரியில் மலையாளப் பக்கம் கொண்டுபோகிறார்கள். எந்த ஊர் என்று தெரியவில்லை. இடத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை. அடையாளத்துக்கு நட்ட கல்லை யானை புரட்டித் தள்ளிவிட்டது. மேலே புல் வந்துவிட்டது. நேரில் நின்றால்தான் எனக்கே தெரியும். மன்னிக்கவும். நல்ல பையன். மதுரைவீரன்.'

எதிரில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான்.

"திங்கள்னா திங்கக்கெழமதானே?" என்றாள்.

"ஆமா."

"மொத கார்டுல என்ன எழுதியிருந்துச்சு? அதையும் படிங்க."

"வரும் திங்கள் வந்து சேரவும்."

அவள் உதடு அசைந்தது. அந்த நாலு சொல்லையும் ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ மாசம்னு சொன்ன" என்றாள்.

அதுவரை அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. அவள் வேண்டுமென்று சொல்லவில்லை, சொன்னது அவளுக்கே தெரிந்திருக்காது. அதற்காக எனக்குக் கோபமும் வரவில்லை. அவள் என்னை அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"அந்த ஆளுக்கு என்ன கேடு?" என்று கத்தினேன். "சோமவாரம்னு எழுதித் தொலைக்கிறதுக்கென்ன? தேதி போட்டிருக்கலாம்ல? கார்டுல எடமா இல்ல? அந்த மணியக்காரர் வீட்டுல பத்து நாளு..."  அந்த மனுஷன் கூலியை விட்டுவிட்டு விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறான், ஒவ்வொரு பஸ்ஸாக எழுந்து எழுந்து பார்த்திருக்கிறான். அந்தத் திங்கட்கிழமை நான் இங்கே காகிதத்தில் 'இயற்கைக் காட்சிப் படக் கலைஞர்' என்று எழுதி அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபம் வந்து, அதை யார் மேல் போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

"அவரு எழுதுனது தப்புங்களா?" என்றாள் பூவம்மாள்.

"இல்லம்மா."

"அப்ப நீங்க படிச்சது?"

"எங்க பாஷையில..." என்று ஆரம்பித்தேன். அந்தத் தாயிடம் போய் எங்கள் பாஷையில் அது மாதம் என்று எப்படிச் சொல்வது? நிறுத்திக்கொண்டேன். வெங்கடம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பூவம்மாள் அழவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். நான் குனிந்து கேமராப் பெட்டியைக் கடைக்குள் திருப்பி எடுத்து வைக்கப் போனேன். இனி எங்கே போவது, எதை எடுப்பது?

"ஏன் சாமி உள்ள கொண்டுபோறீங்க?"

"எடத்தைக் காட்ட ஆளில்லையே பூவம்மா. எட்டு மைல், பத்து மைல் ரோடு. ரெண்டு பக்கமும் காடு. எதைன்னு புடிக்கிறது?"

"அதனால என்னங்க." அவள் பெட்டியின் இன்னொரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். "அங்கதானே எங்கியோ இருக்கான்? வெளிய போயிருக்க மாட்டான்ல? காடு பூராவும் புடிங்க சாமி. ஒரு எடம் விடாமப் புடிங்க. எதுலயாவது ஒண்ணுல இருப்பான்."

இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தோம். அதில் பன்னிரண்டு பிளேட்தான் இருந்தது.